குழல் அளவும் கோன்முறையும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் நீண்ட கடைவீதிக்குச் சாலை என்பது பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கார்த்திகைத் திருநாள் இராமவர்ம மகாராஜாவின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசர் இவ்வங்காடியை அமைத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் சென்று குடியேறிய தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர். தாய்நாட்டை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குச் சாலை என்பது வெறும் தெருவின் பெயரன்று. அயலிடத்தில் வேரூன்றிய தமிழ் வாழ்வின் அடையாளமுமாகும்.

சாலை என்னும் சொல்லுக்குப் பழைய பொருளொன்றும் உண்டு. காந்தளூர்ச் சாலை முதலாம் இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியால் நமக்கெல்லாம் அறிமுகமானது. திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியே அதன் இருப்பிடம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலையை ஏற்படுத்தியபோது, காந்தளூர் முறையையே மாதிரியாகக் கொண்டான் என்று அவனது செப்பேடு உணர்த்துகின்றது. இத்தகைய சாலைகளில் வேதக் கல்வியோடு படைக்கலப் பயிற்சியும் நடைபெற்றது என்பது ஆய்வாளர் சிலரின் கொள்கை.

ஆக, படைக்கலம் பயிலும் இடமும் சாலை. பண்டம் விற்கும் இடமும் சாலை. ஆயுதத்தின் சரித்திரத்தை ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன. ஓர் ஆயுதத்தைப் பயில யாருக்கு அனுமதி? அதற்கு வேண்டிய பொருள் எங்கே கிடைக்கும்? கைத்துப்பாக்கிகளின் குழல் அளவு காலந்தோறும் ஏன் மாறி வந்தது, ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட அளவு மற்றொரு காலத்தில் ஏன் மறைந்தது என்று வினவினால், விடை பெரும்பாலும் இவ்விரு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். சுடுவோனின் விருப்பம் மூன்றாம் இடத்தையே பெறுகின்றது. இதனை விளக்குவதே நம் நோக்கம்.

முதலில் அளவு என்றால் என்ன என்று தெளிவோம். துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே அதன் அளவு. இன்று அதனை அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீட்டரிலோ சொல்கின்றோம். பழங்காலத்தில் அளவுகோலுக்குப் பதிலாகத் தராசே அதனை நிர்ணயித்தது. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு பவுண்டு நிறை நின்றால் அது 12 போர்த் துப்பாக்கி; 16 குண்டுகள் வேண்டுமானால் அது 16 போர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். மிளகும் ஏலமும் நிறுத்து விற்கும் சாலை வணிகர் எவரும் இக்கணக்கை நொடியில் விளங்கிக்கொள்வர். வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இன்றும் இம்முறையே வழங்குகின்றது. 12 போர் என்றால் விட்டம் ஏறத்தாழ .729 அங்குலம்.

திருவிதாங்கூரில் வெடிமருந்துப் படைக்கலங்கள் பெருவாழ்வு பெற்றது மார்த்தாண்டவர்மர் காலத்தில். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை அவர் வென்றார். சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் அவரிடமே பணியேற்று, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றினார். உதயகிரிக் கோட்டை புதுப்பிக்கப் பெற்றது. அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் எழுந்தது. 1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை அக்கோட்டைக்குள்ளேயே இருக்கின்றது. அதன்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பினால் உதயகிரி தமிழகத்தோடு சேர்ந்தது; சாலை கேரளத்தில் நின்றது. ஒரே அரசின் ஆயுதப் பட்டறையும் அங்காடியும் இன்று இரு மாநிலங்களில் இருக்கின்றன.

அக்காலத்துத் துப்பாக்கி வீரன் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக் குண்டு செய்துகொள்ளலாம். மருந்தைக் குழல் வாய்வழியே கொட்டிக் குண்டை இட்டுக் கெட்டிக்கலாம். கொல்லன் செய்த துப்பாக்கி எந்த அளவாயினும், அதற்கேற்ற அச்சு ஒன்று இருந்தால் போதும். ஆகவே, இன்ன அளவே எல்லாரும் விரும்புவது என்னும் பேச்சுக்கு அன்று இடமேயில்லை. ஒரே அளவு வேண்டும் என்று நினைத்தது அரசாங்கப் படை ஒன்றே. ஆயிரம் வீரர்க்குக் குண்டு வழங்க வேண்டிய பண்டகசாலைக்கு ஆயிரம் அச்சுகள் ஒத்துவாரா அல்லவா?

அளவு தனியார் கையில் இருந்தமையால், ஆயுதத்தை அடக்க நினைத்த அரசு ஆயுதத்தையே பறிக்க வேண்டியிருந்தது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பரில் கும்பினியார் தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் தரித்தலைத் தடுத்து விளம்பரம் வெளியிட்டனர். பாளையங்களின் கோட்டைகளும் இடிக்கப்பட்டன. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கியபின், திருவிதாங்கூரின் படையும் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. குழல் அளவைப் பற்றிய ஆணை எதுவும் அன்று தேவைப்படவில்லை.

இந்நிலையை மாற்றியது தோட்டாவின் வரவு. அதற்குச் சற்று முன்னர் சுழல் துப்பாக்கி தோன்றியது. 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டும் ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸும் தத்தம் சுழல் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தனர். கோல்ட்டின் கடற்படை மாதிரி .36 அங்குலம். ஆடம்ஸின் துப்பாக்கிகள் .44 முதல் .49 வரை பருத்தவை. குதிரையைக் கையால் பின்னிழுக்க வேண்டாதபடி விசையை அழுத்தியே சுடத்தக்கவை. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரிகளில் பலர் பருத்த குண்டையே நாடினர். நெருங்கி நடக்கும் கைகலப்பில், பாய்ந்து வருபவனை ஒரே குண்டு நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பின்னர் மருந்தும் குண்டும் தீப்பொறிக் கலவையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடங்கிய தோட்டா வந்தது. அன்று முதல் துப்பாக்கியின் விதி தொழிற்சாலையின் கைக்குப் போயிற்று. ஈயத்தை வீட்டில் உருக்கலாம். இத்தகைய தோட்டாவை அளவு தவறாமல் அடித்தெடுப்பது வீட்டில் ஆகக் கூடியதன்று. எந்த அளவுத் தோட்டா கடையில் கிடைக்கின்றதோ, அந்த அளவுத் துப்பாக்கியே பயன்படும்; கிடைக்காவிடில் அது வெறும் இரும்புத் துண்டு. இதனை வணிகரும் உணர்ந்தனர், அரசாங்கத்தாரும் உணர்ந்தனர்.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியர்க்கோ விலக்கு உண்டு. நாட்டு மக்களுக்கு இது பெரும் அவமதிப்பாகத் தோன்றியது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் திருத்துமாறு கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே 1887-இல்தான் பிரிட்டிஷ் படை வெப்லி சுழல் துப்பாக்கியை ஏற்றது. .455 என்னும் பருத்த அளவு அதனோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆட்சி புரிந்தது. நீலகிரியில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை, படைக்கலங்களுக்கு வேண்டிய புகையில்லா மருந்தை நம் மண்ணிலேயே செய்யலாயிற்று.

இனி, சட்டமே அளவைப் படைத்த விந்தையைப் பார்ப்போம். .577/.450 என்னும் தோட்டா மார்ட்டினி-ஹென்றி என்ற படைத் துப்பாக்கிக்கு உரியது. அவ்வகைப் பழந்துப்பாக்கிகள் பல கலகக்காரர் கைகளில் சிக்கியிருந்தன. .450 அளவு வேட்டைத் துப்பாக்கிக்கென்று இறக்குமதியாகும் பொருள்கள் அவர்களுக்கும் உதவிவிடும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்திய அரசாங்கம் அந்த அளவை விலக்கியது. உடனே இங்கிலாந்தின் துப்பாக்கி வினைஞர் .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதிய அளவுகளைச் செய்தனர். யானையும் காட்டெருமையும் .450 குண்டுக்கும் .470 குண்டுக்கும் வேற்றுமை அறியமாட்டா. இப்புதிய அளவுகள் பிறந்தமைக்குக் காட்டு விலங்கு காரணமன்று, சுங்கச்சாவடியே காரணம்.

கைத்துப்பாக்கியில் இக்கதை வேறொரு வழியில் சென்றது. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த, பெல்ஜியத்தில் செய்யப்பெற்ற தானியங்கிக் கைத்துப்பாக்கி 1900 முதல் உலகெங்கும் பரவியது. அதன் அளவு 7.65 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில்.32. சட்டைப்பையில் அடங்கும், தோட்டா எளிதில் கிடைக்கும். படைத்தலைவர்கள் சிறிது என்று இகழ்ந்த இவ்வளவு, மறைத்து எடுத்துச் செல்ல வேண்டியவர்க்கு உகந்ததாயிற்று. 1909-இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது பிரௌனிங் துப்பாக்கியே. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜிய பிரௌனிங்கே. வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவர் பணிபுரிந்தது புனலூரில், திருவிதாங்கூர் வன இலாகாவில். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளரால் கடத்தப்பட்டன. துப்பாக்கி 50, தோட்டா 46,000 என்னும் கணக்கை நோக்குக. தோட்டா அற்றுப்போனால் துப்பாக்கி பயனற்றது என்பதனால், அவ்வியக்கத்தார்க்குச் சரக்கின் பெருமதிப்பு தோட்டாவிலேயே இருந்தது.

ஆள்வோர் இவற்றிலிருந்து ஒரு நியதியைக் கண்டனர். படைக்குரிய தோட்டாவை ஏற்கும் எந்தக் குழலும் குடிமகனிடம் இருத்தல் ஆகாது. இருந்தால் படைப் பண்டகசாலையிலிருந்து களவாடப்படும் ஒவ்வொரு தோட்டாவும் வெளியே பயன்பட்டுவிடும். விலக்கப்பட்ட அளவு என்னும் கருத்தின் வேர் இதுவே.

சற்று வெளியுலகை நோக்குவோம். அங்கே அளவுகள் ஊசல்போல் ஆடின. பிலிப்பைன்ஸ் போரில் .38 குண்டு போதவில்லை என்று கண்ட அமெரிக்கப் படை, 1904-இல் சோதனைகள் நடத்தி, 1911-இல் .45 தானியங்கியை ஏற்றது. பிரிட்டனோ எதிர்த்திசையில் சென்றது. பருத்த .455 துப்பாக்கியைப் போர்க்காலத்தில் புதிதாய்ச் சேர்ந்தவர்க்கு விரைவிற் பயிற்றுதல் கடினம் என்று முதல் உலகப் போரில் அறிந்து, 1932-இல் .38 அளவுக்கு இறங்கியது. ஜெர்மனியில் 1902-இல் தோன்றிய 9 மில்லிமீட்டர் தோட்டா மெல்ல மெல்ல உலகை வென்றது; 1985-இல் அமெரிக்கப் படையும் .45-ஐ விட்டு அதனையே ஏற்றது. 1986-இல் மியாமி நகரில் நடந்த ஒரு மோதலில் இரண்டு துப்பறியும் அதிகாரிகள் மாண்டபின், அமெரிக்கத் துப்பறியும் துறையினர் பெரிய அளவை நாடினர், 1990-இல் பிறந்த.40 தோட்டா காவற்படைகளிடையே புகழ் பெற்றது. ஆனால் குண்டின் அமைப்பு சீர்பட்டதும், எளிதாகச் சுடத்தக்க 9 மில்லிமீட்டருக்கே 2015-ஐ ஒட்டி அவர்கள் திரும்பினர். பருத்த குண்டின் வலிமையா, பயில்வோன் கையின் எளிமையா என்னும் வழக்கு இவ்வாறு நூற்றாண்டுக்கு மேல் நடந்துவருகின்றது.

நம் நாட்டில் இவ்வழக்கு எழுவதற்கே இடமில்லாது போயிற்று. விடுதலைக்குப் பின் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. 1962-இல் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஆள்வோர் மாறினர், அளவைப் பற்றிய நியதி மாறவில்லை. படைக்குரிய .380, .455 தோட்டாக்களையும் படையின் 9 மில்லிமீட்டர் தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் விலக்கப்பட்ட வகையில் சேர்ந்தன. உலகம் முழுதும் 9 மில்லிமீட்டரை நாடிய காலத்தில், உரிமம் பெற்ற இந்தியக் குடிமகன் பெரும்பாலும் .32 என்னும் அளவோடு நின்றான். அது சிறந்தது என்று எவரும் தேர்ந்ததில்லை. சட்டம் விட்டுவைத்தது அது என்பதே காரணம்.

1980-களின் நடுப்பகுதியில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. அதன்பின் அயல்நாட்டில் செய்த பழைய .32 துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி அரும்பொருளாயின. 1990-களில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 சுழல் துப்பாக்கியைச் செய்யலாயிற்று. அதன் அமைப்பு பிரிட்டிஷார் விட்டுச் சென்ற .38 வெப்லியை ஒட்டியது. உடல் பழைய படைத் துப்பாக்கியின் உடல். குழல் மட்டும் சட்டம் இசைந்த அளவு. நீள்துப்பாக்கியிலும் இதே கதைதான்: .303 என்னும் படைத் துப்பாக்கியின் அமைப்பை ஒட்டி .315 என்னும் குடிமக்கள் துப்பாக்கி செய்யப்பட்டது. 2014-இல் பெண்களை முன்னிட்டுக் கான்பூரில் வெளியிடப்பட்ட நிர்பீக், 2023-இல் வெளிவந்த பிரபல் ஆகிய இரண்டும் .32 அளவினவே. சட்டம் ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்தால், வரும் தலைமுறைகள் எல்லாம் அவ்வாயில் வழியே நுழைகின்றன.

விளையாட்டுத் துறையில் மட்டும் பயில்வோரின் தேவை சற்று வாய் திறந்து பேசுகின்றது. அங்கே ஆளை வீழ்த்துதல் என்னும் பேச்சில்லை. குறி தவறாமையே வேண்டுவது. ஆகவே பின்னுதைப்புக் குறைந்த சிறிய அளவுகளே அங்குச் செல்வாக்குப் பெற்றன. மையவெடிக் கைத்துப்பாக்கிப் போட்டியில் .30 முதல் .38 வரை இசைவு உண்டாயினும், வீரர் பெரும்பாலோர் .38-ஐக் கைவிட்டு .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நீளத் தோட்டாவையே நாடினர். ஜஸ்பால் ராணா 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இப்போட்டியிலேயே. விரைவுச் சுடுதலில் ஒரு காலத்தில் .22 குறுந்தோட்டா வழங்கியது. 2004 ஒலிம்பிக்கிற்குப் பின் விதி மாறி.22 நீளத் தோட்டாவே கட்டாயமாயிற்று. பல்லாண்டு பழகிய துப்பாக்கியை ஒதுக்கிப் புதியதைப் பயில வேண்டிய நிலை உலகெங்கும் வீரர்க்கு வந்தது. இங்கும் அளவை மாற்றியது விதியின் ஒரு வரியே. அப்புதிய விதியின்கீழ் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றார்.

இன்று நம் நாட்டு இளைஞர் கையில் மிகுதியாகப் பழகுவது வெடிமருந்தே இல்லாத 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி. 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இவ்வளவில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன், இதே அளவுடைய நீள் காற்றுத் துப்பாக்கியால் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். குறைந்த ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. ஈயச் சிறுகுண்டு மலிவானது. வீட்டுக் கூடத்திலும் பயிலலாம். யார் பயிலலாம், எங்கே கிடைக்கும் என்னும் இரு கேள்விக்கும் சாதகமான விடை கிடைத்ததனால் அவ்வளவு பரவியது. திருவனந்தபுரத்திலேயே, 2015 தேசிய விளையாட்டை ஒட்டி வட்டியூர்க்காவில் ஒரு சுடுகளம் எழுந்தது. சாலை என்னும் சொல்லின் பழைய பொருளுக்கு இன்று அந்நகரில் உரியதொரு இடம் காட்ட வேண்டுமாயின், அதனையே காட்டலாம்.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர் மனங்கொள்ள வேண்டியதொன்று உண்டு. ஆயுத உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்பது அவ்வுரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். முன்னோர் வைத்திருந்த துப்பாக்கியாயினும், குடிபெயரும்போது பழைய இடத்து அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் அறிவித்தல் உரிமம் பெற்றோர் கடமை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. விளையாட்டு வீரர்க்கு மட்டும் தனி விலக்கு உண்டு. பரம்பரைச் சொத்து என்று பெட்டியில் உறங்கும் ஆயுதம் சட்டத்தின் கண்ணுக்கு உறங்குவதில்லை.

குழல் அளவு என்பது வெறும் எண் என்று தோன்றும். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் அரசின் அச்சமோ நம்பிக்கையோ நிற்கின்றது. .450-ஐ விலக்கிய கை கலகத்துக்கு அஞ்சியது, 9 மில்லிமீட்டரை விலக்கிய கை படைத் தோட்டாவின் களவுக்கு அஞ்சியது, 4.5-ஐ உரிமமின்றி விட்ட கை இளைஞரை நம்பியது. மக்களிடம் அரசுக்கு எவ்வளவு நம்பிக்கை உண்டு என்று அறிய விரும்புவோர், சட்டங்களின் முன்னுரையைப் படிப்பதோடு நில்லாமல், அவை மக்கள் கையில் இசையும் குழலின் அளவையும் பார்த்தல் வேண்டும். அச்சம் காரணமின்றித் தோன்றியதன்று. மணியாச்சியும் நாசிக்கும் அதற்குச் சான்று. எனினும், 1878-இல் வெள்ளையர்க்கு ஒரு நீதியும் இந்தியர்க்கு ஒரு நீதியும் வகுத்த சட்டத்தை நம் முன்னோர் எதிர்த்ததும் சான்றே. ஆயுதம் எல்லார் கையிலும் வேண்டும் என்பதன்று அவர் கேட்டது. சட்டம் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பதே. குழல் எந்த அளவாயினும், அந்தத் தராசு கோணாதிருத்தலே நாட்டுக்கு நலம்.